கப்பல் காத்திருக்காது, ஆனாலும் இறங்கி நடங்கள்

சிங்கப்பூரில் மகனோ மகளோ இருக்கிற நம் வயதுக்காரர்களுக்கு இப்போது ஒரு புது உபசாரம் நடக்கிறது. போய்ச் சேர்ந்து பத்து நாள் ஆனதும், "உங்க ரெண்டு பேருக்கும் க்ரூஸ் டிக்கெட் போட்டிருக்கோம்ப்பா, நாலு நாள் ஜாலியா போயிட்டு வாங்க" என்கிறார்கள். பினாங்கு, புக்கெட், கோலாலம்பூர் என்று ஏதாவது இரண்டு ஊரைத் தொட்டுவிட்டுத் திரும்பும் கப்பல். டிக்கெட்டோடு ஓர் உத்தரவும் சேர்ந்தே வரும். "துறைமுகத்துல தனியா இறங்கிச் சுத்தாதீங்க. கப்பல்லயே டூர் இருக்கு, பஸ்ல கூட்டிட்டுப் போவாங்க. முடியலேன்னா கப்பல்லயே ரெஸ்ட் எடுங்க."

இந்த உத்தரவில் பாதி நியாயம், மறு பாதி வெறும் பயம். எது எது என்று பிரித்துப் பார்த்தால் நமக்கும் நல்லது, பிள்ளைகளுக்கும் நிம்மதி.

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கப்பல் பெரும்பாலும் காலையில் ஒரு துறைமுகத்தில் வந்து நிற்கும், மாலையில் புறப்படும். நடுவில் ஏழெட்டு மணி நேரம் நம் கையில். அந்த நேரத்தைக் கழிக்க மூன்று வழிகள். கப்பல் நிறுவனம் விற்கும் டூரில் போகலாம். நாமே இறங்கி நடந்தோ, டாக்சி பிடித்தோ, உள்ளூர் வழிகாட்டி ஒருவரை ஏற்பாடு செய்துகொண்டோ போகலாம். அல்லது இறங்காமலே கப்பலில் உட்கார்ந்து மூன்றாவது முறையாகக் காபி குடிக்கலாம்.

கப்பல் டூருக்குத் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். வெளியே டாக்சிக்காரர் வண்டிக்கு இவ்வளவு என்று கேட்பார். நாலு பேர் சேர்ந்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும். ஆனாலும் கப்பல்காரர்கள் கேட்கும் அதிகப் பணத்துக்கு ஒரு பொருள் உண்டு. அவர்கள் விற்ற டூரின் பஸ் வழியில் மாட்டிக்கொண்டால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். காத்திருக்க முடியாமல் போனால், அடுத்த துறைமுகத்துக்கு நம்மைக் கொண்டுசேர்ப்பது அவர்கள் பொறுப்பு. நாமாகப் போய்த் தாமதமாக வந்தால் அந்தப் பொறுப்பு எதுவும் கிடையாது. கப்பல் போய்விடும்.

இது வாய்ப்பேச்சு மிரட்டல் இல்லை. 2024 மார்ச் கடைசியில் மேற்கு ஆப்பிரிக்காவில் சாவோ டோமே என்ற தீவில் எட்டுப் பயணிகள் சொந்த ஏற்பாட்டில் ஊர் சுற்றப் போய், குறித்த நேரத்தைத் தாண்டித் திரும்பி வந்தார்கள். கப்பல் கண்ணெதிரே நங்கூரம் போட்டு நிற்கிறது. ஏற்ற மறுத்துவிட்டார்கள். அந்த எட்டுப் பேரும் நாடு நாடாகப் பயணம் செய்து காம்பியாவில் கப்பலைப் பிடிக்கப் பார்த்தார்கள். அங்கே கப்பலால் கரைக்கு வர முடியவில்லை. கடைசியில் செனகல் நாட்டின் டக்காரில்தான் ஏற முடிந்தது. உலகம் முழுக்கச் செய்தியான சம்பவம் இது. பிள்ளைகள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆனால் அந்தப் பயத்தை இழுத்துக்கொண்டே போய், "கப்பல் டூர் என்றால் பத்திரம், சொந்த டூர் என்றால் ஆபத்து" என்று முடிவு கட்டக்கூடாது. 2019 டிசம்பர் 9 அன்று நியூசிலாந்தின் வைட் தீவில் எரிமலை வெடித்து 22 பேர் இறந்தார்கள். அன்று தீவில் நின்றவர்களில் பெரும்பாலோர் ஒரு சொகுசுக் கப்பலில் வந்த பயணிகள். அந்த டூரைக் கப்பலிலேயே விற்றிருந்தார்கள்; கூட்டிப் போனது ஓர் உள்ளூர் நிறுவனம். பொதுவாக ஏற்பாடு அப்படித்தான். சீட்டு கப்பலுடையது. வண்டியும் ஓட்டுநரும் வழிகாட்டியும் அந்த ஊர்க்காரர்கள். நாமே போய்ப் பிடித்தாலும் அநேகமாக அவர்களைப் போன்றவர்கள்தான் கிடைப்பார்கள்.

ஆக, கப்பல் டூரில் நாம் கூடுதல் காசு கொடுத்து வாங்குவது நேரத்துக்கான உத்தரவாதம் ஒன்றைத்தான். அந்த உத்தரவாதம் எந்த ஊரில் தேவை, எந்த ஊரில் தேவையில்லை என்பதுதான் கேள்வி. இதற்கு விடை நம் வயதில் இல்லை. கப்பல் நிற்கும் இடத்துக்கும் ஊருக்கும் உள்ள தூரத்தில் இருக்கிறது.

பினாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் நிற்பது ஸ்வெட்டன்ஹாம் துறை. அது ஜார்ஜ் டவுன் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. வாசலைத் தாண்டிச் சில நிமிடங்கள் நடந்தால் விக்டோரியா மகாராணிக்காகக் கட்டிய மணிக்கூண்டு. அவர் ஆண்ட 60 ஆண்டுகளுக்குக் கணக்காக 60 அடி உயரம். அதற்கு எதிரே கார்ன்வாலிஸ் கோட்டை. இன்னும் கொஞ்சம் உள்ளே போனால், நம் நடைக்கு ஒரு கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், லிட்டில் இந்தியா வந்துவிடும். குயின் தெருவில் மகாமாரியம்மன் கோயில். 1833-ல் கட்டியது, பினாங்கிலேயே பழைய இந்துக் கோயில். பக்கத்துத் தெருவில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் அங்கே போன தமிழ் முஸ்லிம் தலைவர் காதர் மொகுதீன் முன்னின்று 1801-ல் உருவாக்கியது. அதே தெருவில் சீனர்களின் குவான் யின் கோயில், அதைத் தாண்டினால் 1818-ல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். மாரியம்மனில் ஆரம்பித்துத் தேவாலயம் வரை எல்லாமே நடக்கிற தூரம். 2008-ல் யுனெஸ்கோ இந்த நகரத்தை மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததற்கு இந்தக் கலவைதான் காரணம்.

இந்த ஊரில் தனியாக இறங்காதே என்பது, மயிலாப்பூர் மாட வீதியைச் சுற்றிப் பார்க்க டூரிஸ்ட் பஸ் பிடி என்பது போல. பெயர்ப் பலகையில் தமிழ் இருக்கிறது. கடைக்காரர் தமிழ் பேசுகிறார். வாழை இலையில் சாப்பாடு கிடைக்கிறது. அசைவக்காரர்களுக்குத் தமிழ் முஸ்லிம்கள் பிரபலமாக்கிய நாசி கண்டார் கடைகள் இருக்கின்றன. சோற்றையும் குழம்பையும் காவடி மாதிரி தோளில் தூக்கி விற்ற காலத்தில் வந்த பெயர் அது.

நம் தலைமுறைக்கு இன்னொரு உரிமையும் இந்த ஊரில் உண்டு. ரஜுலா கப்பலின் பெயரைக் கேட்டதும் உங்களில் சிலருக்கு யாராவது ஒரு மாமாவோ பெரியப்பாவோ நினைவுக்கு வருவார். 1926-ல் கட்டிய அந்தக் கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று போகும். 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. அதற்குப் பிறகு எம்.வி. சிதம்பரம். டெக்கில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்களுக்கு மலேயாவின் முதல் கரை பினாங்குதான். தகரப் பெட்டியோடு இறங்கிய அவர்களில் பலருக்கு மலாயும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் இறங்கிய ஊரில், கையில் செல்போனும் பையில் இரண்டு வங்கி அட்டையும் வைத்திருக்கும் நாம் பால்கனியில் நின்று வேடிக்கை பார்ப்பது எனக்குச் சம்மதமில்லை.

வயதானவர்களுக்கு பஸ் டூர்தான் வசதி என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பல சமயம் நேர்மாறு. நாற்பது பேர் ஏறும் பஸ்ஸின் வேகம் நம் முழங்காலைக் கேட்டு வைத்ததல்ல. கோயிலில் 20 நிமிடம், கோட்டையில் 15 நிமிடம், நாம் கேட்காத ஒரு பேட்டிக் துணிக்கடையிலோ சாக்லேட் கடையிலோ முக்கால் மணி. வழிகாட்டி கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னே ஓடுவார். பின்தங்கினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற கூச்சத்தில் நாமும் மூச்சு வாங்க ஓடுவோம். பாத்ரூம் போகவேண்டும் என்று சொல்லவே தயங்குவோம். அறுபத்தைந்துக்கு மேல் ஒரு நாளை நல்ல நாளாக்குவது இரண்டு விஷயம்தான் என்று அடித்துச் சொல்வேன். நினைத்தபோது உட்கார ஓர் இடம், வேண்டியபோது கழிப்பறை. இரண்டுமே பஸ் டூரில் மற்றவர் கையில், தனியாகப் போனால் நம் கையில்.

நானும் மனைவியும் பினாங்கில் இறங்கிய அன்று இரண்டு கோயில், ஒரு சாப்பாடு, ஒரு நீண்ட உட்காரல், அவ்வளவுதான் பார்த்தோம். பூக்கடை வைத்திருந்த ஓர் அம்மாவிடம் அரை மணி பேசிக்கொண்டிருந்தோம். அவர் பாட்டனார் பட்டுக்கோட்டைப் பக்கமாம். பஸ்ஸில் போனவர்கள் எங்களைவிட இரண்டு மடங்கு இடம் பார்த்திருப்பார்கள். எங்களுக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. நாங்கள் செலவழித்த காசும் அந்தத் தெருவிலேயே, அந்த ஜனங்கள் கையிலேயே தங்கியது.

எல்லா ஊரும் பினாங்கு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கப்பல் கம்பெனிகள் அச்சடிக்கும் ஊர்ப் பெயர்களை அப்படியே நம்பாதீர்கள். "கோலாலம்பூர்" என்று போட்டிருக்கும். கப்பல் நிற்பது கிள்ளான் துறைமுகத்தில். நகரத்துக்குச் சாலை வழியே ஒரு மணி நேரமாவது ஆகும், நெரிசல் இருந்தால் இன்னும் கூடும். "பாங்காக்" என்றால் லேம் சபாங் துறைமுகம்; நகரம் 100 கிலோமீட்டருக்கு மேல். "ரோம்" என்றால் சிவித்தாவெக்கியா. 80 கிலோமீட்டர் அளவு. "ஃப்ளோரன்ஸ்" என்றால் லிவோர்னோ. அதுவும் ஏறக்குறைய அப்படித்தான். இங்கெல்லாம் ஒரு விபத்தோ, ஒரு மழையோ, ஒரு ரயில் ரத்தோ போதும், சாவோ டோமே கதை நம் கதையாகிவிடும். இந்த ஊர்களில் கப்பல் டூருக்குக் காசு கொடுங்கள், தயங்கவே வேண்டாம். அங்கே அந்த உத்தரவாதம் விலைக்குத் தகுந்த பொருள். பத்துமலை முருகனைப் பார்த்தே ஆகவேண்டும் என்று கிள்ளானில் இறங்குகிறவர்கள், 272 படி ஏறி இறங்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. கப்பல் கரைக்கு வராமல் கடலிலேயே நிற்கும், சின்னப் படகுகளில் நம்மைக் கரைக்குக் கொண்டுபோவார்கள். புக்கெட்டில் பட்டோங் கடற்கரைக்கு எதிரே பெரிய கப்பல்கள் அப்படி நிற்பதுண்டு. படகுக்கு வரிசை, திரும்பவும் வரிசை. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதுதான் இங்கே உண்மையான கெடு. படகில் ஏறும்போது ஓர் ஆட்டம் இருக்கும். மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், தலைசுற்றல் உள்ளவர்கள் இந்த ஒரு துறைமுகத்தில் கப்பலிலேயே இருந்துவிட்டால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

2023 ஜூனில் சென்னையிலிருந்தே இலங்கைக்கு ஒரு சொகுசுக் கப்பல் விடப்பட்டது நினைவிருக்கும். அம்பாந்தோட்டை, திருகோணமலை என்று போனது. அதற்கும் இதே அளவுகோல்தான். திருகோணமலையில் கோணேசர் கோயில் ஊருக்குள்ளேயே கோட்டை வளாகத்தில் இருக்கிறது. ஓர் ஆட்டோவில் போய் வரலாம். அம்பாந்தோட்டையில் இறங்கிக் கதிர்காமம் போகவேண்டுமென்றால் சாலைப் பயணம், அங்கே யோசித்துத்தான் செய்யவேண்டும்.

பக்கத்து ஊர் என்று முடிவு செய்து சொந்தமாக இறங்குகிறவர்களுக்கு நான் கடைப்பிடிக்கும் சில வழக்கங்களைச் சொல்கிறேன்.

கப்பல் புறப்படும் நேரம் வேறு, எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் வேறு. இரண்டாவது அரை மணி முதல் ஒரு மணி வரை முன்னதாக இருக்கும். அதுதான் நமக்குக் கணக்கு. அதற்கும் இரண்டு மணி நேரம் முன்னால் துறைமுக வாசலில் இருப்பதாகத் திட்டம் போடுங்கள். மீதி நேரத்தை வாசலுக்குப் பக்கத்திலேயே கடை பார்த்தோ காபி குடித்தோ கழிக்கலாம்.

செல்போன் கடிகாரத்தை நம்பாதீர்கள். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஒரே நேரம். தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னால். புக்கெட்டில் கரையிறங்கியதும் போன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருந்தால், போனில் மூன்று மணி காட்டும்போது கப்பலில் நாலு. இந்த ஒரு மணி நேரம் போதும் கப்பலைக் கோட்டைவிட. பீரோவில் கிடக்கும் பழைய எச்.எம்.டி. கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக் கப்பல் நேரம் வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். அது யார் சொல்லியும் தானாக மாறாது.

தூரத்தில் இருப்பதை முதலில் பாருங்கள், போகப் போகக் கப்பலை நோக்கி வாருங்கள். பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கோ பினாங்கு மலை ரயிலுக்கோ போக ஆசைப்பட்டால் இறங்கியதும் அங்கே போய்விட்டு, பிறகு லிட்டில் இந்தியா வரலாம். மலை உச்சிக் கோயிலுக்கு 500 படிக்கு மேல். மலை ரயிலுக்கு விடுமுறை நாளில் நீண்ட வரிசை. இரண்டும் இல்லாமலே நாள் நிறையும் என்பது என் அபிப்பிராயம். நம்மூர்க் கோயில்களைப் போல அங்கேயும் பொதுவாக நடுப்பகலில் நடை சாத்துவார்கள். அதையும் மனத்தில் வையுங்கள்.

கப்பலில் தினமும் அறைக்கு வரும் அல்லது போனில் காட்டும் நிகழ்ச்சிநிரலில், அந்தத் துறைமுகத்தில் கப்பலின் ஏஜென்ட் யார், அவர் தொலைபேசி எண் என்ன என்று பெரும்பாலும் இருக்கும். இல்லாவிட்டால் வரவேற்பு மேசையில் கேளுங்கள். ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். கப்பல் போய்விட்டால் முதலில் கூப்பிட வேண்டியது அவரைத்தான். பாஸ்போர்ட் நகல், அறைச் சாவியாகவும் இருக்கும் கப்பல் அட்டை, கொஞ்சம் உள்ளூர்ப் பணம், இவற்றோடு இரண்டு நாள் மாத்திரை. பகல் வேளை மாத்திரை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். கப்பலைத் தவறவிட்டால் ஹோட்டல் அறை எப்படியும் கிடைக்கும். உங்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் டாக்டர் எழுதிக்கொடுத்த அதே மாத்திரை அங்கே உடனே கிடைக்கும் என்று சொல்லமுடியாது.

புறப்படும் முன்பே பார்க்கவேண்டியவையும் உண்டு. அந்தந்த நாட்டு விசா விதி என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் விசா பலமுறை நுழையக்கூடியதா என்று கண்டிப்பாகப் பாருங்கள். கப்பலில் போய்த் திரும்புவதும் மறுபடி நுழைவதுதான். பயணக் காப்பீடு எடுத்தால், கப்பலைத் தவறவிடுவதும் வெளிநாட்டு மருத்துவமனைச் செலவும் அதில் அடங்குமா என்று படித்துப் பாருங்கள்.

இவ்வளவும் செய்தபிறகும் பிள்ளைகள் "வேண்டாம்ப்பா" என்றால் என்ன செய்வது? அவர்களைக் கோபிக்காதீர்கள். ஒரு காலத்தில் அவர்களைத் தெருமுனைக் கடைக்கு முதன்முதலாகத் தனியே அனுப்பிவிட்டு நாம் வாசலில் நின்றோம், இப்போது அவர்கள் முறை. வரைபடத்தைத் திறந்து காட்டுங்கள். கப்பல் நிற்கும் இடம் இது, கோயில் இது, நடுவில் இவ்வளவு தூரம், இத்தனை மணிக்குத் திரும்பிவிடுவோம் என்று சொல்லுங்கள். கணக்கைக் காட்டினால் பெரும்பாலும் பயம் குறையும். கிள்ளானாகவோ லேம் சபாங்காகவோ இருந்தால் அவர்கள் சொல்வதைக் கேட்டு பஸ்ஸில் ஏறிவிடுங்கள்.

இனி எத்தனை வெளியூர்ப் பயணம் நமக்கு மிச்சம் என்பது நம் எல்லோருக்கும் ஓரளவு தெரியும். கப்பலின் நீச்சல்குளமும் பலகாரமும் கடலில் போகும்போதும் கிடைக்கும். பினாங்குத் தெரு அந்த ஏழெட்டு மணி நேரம்தான் கிடைக்கும். கப்பல் அங்கே நின்றால் நல்ல செருப்பாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு, குடையும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். மெதுவாகவே நடக்கலாம்.